ஆணி அடிக்கக் கூடாத சுவர்

ஜன்னல் விஷயமாக மூன்று மணிக்கு மாடிக்கு வருகிறேன் என்று சொன்ன வீட்டுக்காரர் வரதராஜுலு மூன்றே காலுக்கும் வரவில்லை. வரமாட்டார். கீழ் வீட்டு மின்விசிறியின் கடகடப்பு தரை வழியாகத் தமயந்தியின் உள்ளங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அந்த மனிதரின் மத்தியானத் தூக்கம் கலையவில்லை என்று அர்த்தம், இதைக் கண்டுபிடிக்க இந்த வீட்டுக்குக் குடிவந்த இருபத்துமூன்று நாளில் அவளுக்கு மூன்று நாள்கூட ஆகவில்லை. காலடியில் பிளாஸ்டிக் பக்கெட்டில் வெந்நீர். காலையிலிருந்து மூன்றாவது தடவை சுட வைத்தது. பக்கத்தில் மடித்த துண்டு, சோப்பு, பவுடர் டப்பா, மாற்று வேட்டி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று, கட்டிலில் அவள் கணவர் குமரகுருவும் தயார்தான், அவர் எப்போதும் தயார், நேற்றுக் காலையிலிருந்து உடம்பில் ஈரத்துணி படாமல், முதுகில் சிவந்திருக்கும் இடம் இன்னும் சிவக்க, ஜன்னலைப் பார்த்தபடி. துடைத்துவிட வரும் பியூலா இன்றைக்கு வரவில்லை. யாரோ ஒன்றுவிட்ட மாமா இறந்துபோனாராம். பியூலாவுக்கு மட்டும் எத்தனை மாமாக்கள். ஆள் வராவிட்டால் என்ன, கையில்லையா காலில்லையா என்று யாரும் கேட்கலாம். கை இருக்கிறது. துடைக்க இரண்டு கை, ஜன்னலை மறைத்துப் போர்வை பிடிக்க இரண்டு கை, ஆக நாலு வேண்டும், கடவுள் அவளுக்கு இரண்டுதான் கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் பியூலா துடைப்பாள், தமயந்தி கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிப் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள், தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கும், “சீக்கிரம் முடிடீ” என்பாள், “முடியறப்ப முடியும்க்கா” என்பாள் பியூலா. ஏழடி அகல ஜன்னல். அதன் மேல் ஒரு ராடு இல்லை, ஒரு கொக்கி இல்லை, ஒரு முழத் துணி இல்லை. எட்டடி தள்ளி எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல், அதற்கும் ஒன்றும் இல்லை, அவர்கள் வீட்டு மசாலா டப்பாவின் மூடி எந்த நிறம் என்றுகூடக் கட்டிலில் இருந்தே சொல்லிவிடலாம்.

ஏன் ஹாலில் போட்டீர்கள், உள்ளறையில் போடக்கூடாதா என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், கேட்கிறதற்குத்தான் வந்தார்கள், அப்புறம் வரவில்லை. கட்டில் உள்ளே போகாது. ஆஸ்பத்திரிக் கட்டில், கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்புகிற இரும்புக் கட்டில், அறைக் கதவு அதைவிட நாலு விரல் குறுகல், நாலு விரலுக்காக ஒரு மனிதனின் மானம் ஹாலில் கிடக்கிறது. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. கூட்ஸ் வண்டி கார்டாக இருபத்தொன்பது வருஷம் ஓடியவர், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் நழுவவிட்டார், வலதுகை போயிற்று, வலதுகால் போயிற்று, பேச்சு போயிற்று, அதோடு குவார்ட்டர்ஸும் போயிற்று. இப்படி ஐம்பத்தொரு வயதில்தான் தமயந்தி முதல் தடவையாக வாடகை வீடு என்ற ஒன்றுக்குள் காலை வைத்தாள். குவார்ட்டர்ஸில் சுவர் சர்க்காருடையது. யார் யாரோ அடித்த ஆணிகள், காலண்டருக்கு, சாமி படத்துக்கு, கொசுவலைக்கு. போகிறபோது வளைந்த ஆணியை விட்டுவிட்டுப் போவார்கள், வருகிறவர்கள் அதிலேயே பையை மாட்டிக்கொள்வார்கள். இங்கே சாவியைக் கையில் கொடுக்கும்போதே வரதராஜுலு சொன்ன முதல் வாக்கியம், “ஒண்ணே ஒண்ணும்மா, செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது.” மோட்டார் எப்போது போடுவார், குப்பை எங்கே கொட்டுவது, ஒன்றும் சொல்லவில்லை. ஆணி. பழைய குடித்தனக்காரர்கள் அறுபத்தோரு ஓட்டை போட்டுவிட்டுப் போனார்களாம், எண்ணியிருக்கிறார் மனிதர், ஒவ்வொன்றிலும் தானே ஸ்டூல் போட்டு ஏறி நின்று பட்டி வைத்துத் தேய்த்தாராம், இடுப்புப் பிடித்துக்கொண்டு பதினைந்து நாள் படுத்தாராம். ஜன்னலுக்கு மேலிருந்த ராடையும் கழற்றி அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டார். அடைத்த இடத்தில் வெயில் படும்போது இரண்டு வட்டம் லேசாகத் தெரிகிறது, தடுப்பூசித் தழும்பு மாதிரி.

மின்விசிறி நிற்கவில்லை. மணி மூன்று இருபத்தைந்து. ஏன் வீட்டுக்காரனே, ஃபேன் நீதானே கொடுத்தாய்? டியூப் லைட் கொடுத்தாய், பாத்ரூமில் கீசர் கொடுத்தாய், துணி காயப்போட மொட்டை மாடியில் கம்பி கட்டிக் கொடுத்தாய். கதவு கொடுத்தாய். கதவு எதற்கு, உள்ளே இருப்பதை வெளியே இருப்பவன் பார்க்காமல் இருக்கத்தானே, அப்படியானால் ஜன்னலுக்குத் திரை மட்டும் எப்படி என் பாடு ஆயிற்று? இதை அவள் அவரிடம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள். ஸ்கிரீன் போடுகிறது குடிவருகிறவர்கள் வேலை, ஊர் உலகத்து வழக்கம் அது, ஒவ்வொருத்தர் டேஸ்ட் ஒவ்வொரு மாதிரி என்றார். “சரி, என் டேஸ்ட்டுக்கே போட்டுக்கறேன், ராடு மாட்ட ரெண்டு ஓட்டை போட விடுங்க.” “டேஸ்ட் உங்களுதும்மா, செவுரு என்னுது.” இதைச் சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார், பல்செட் அசைந்தது. சுவர் உன்னுது, மேலே விழுகிற வெளிச்சம் என்னுதா? ஜன்னல் வைத்தவன் அதை மூடுவதற்கு வழி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஏழடியையும் சுவராகவே கட்டித் தொலைத்திருக்க வேண்டும். இதெல்லாம் மாடிப்படியில் தோன்றவில்லை, அடுப்படியில் தோன்றியது, அவளுக்கு நல்ல பதில்கள் எல்லாம் எப்போதும் ஆள் போன பிறகுதான் வரும், ஆள் இருக்கும்போது வருவது எல்லாம் வேறு மாதிரி. அது நேற்று வந்தது. அதை இப்போது நினைக்க வேண்டாம்.

செய்து பார்க்காதது ஒன்றுமில்லை. பழைய பின்னி காட்டன் புடவை ஒன்றை வெளிக்கம்பியில் கட்டினாள். மறுநாளே வீட்டுக்காரம்மா மேலே ஏறி வந்து, “தப்பா எடுத்துக்காதீங்க, தெருவுல இருந்து பார்த்தா லாட்ஜு மாதிரி இருக்கு” என்றாள். நியூஸ்பேப்பர் ஒட்டினாள், கடற்காற்றுக்கு ஒரே ராத்திரியில் பசை விட்டுத் தொங்கியது. புனாவில் இருக்கும் மகள் வீடியோவில் வந்து, ஆணியே வேண்டாம்மா, நடுவுல ஸ்பிரிங் வச்ச ராடு இருக்கு, இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் நடுவுல அழுத்தி நிறுத்திடலாம் என்று ஆர்டர் பண்ணி அனுப்பினாள். ஏழடிக்கு அது நிற்குமா. ஒரு பகல் முழுக்க நின்றது, மறுநாள் விடிகிற நேரம் திரையோடு சேர்ந்து குமரகுருவின் மார்பில் விழுந்தது. அடித்துப் பிடித்து ஓடி வந்தால் சிவப்புப் பூப்போட்ட துணிக்கு அடியில் இருந்து அவர் குரல், “ரைட்.” அந்த ஒரு வார்த்தைதான் அவரிடம் மிச்சம். பசித்தால் ரைட், வலித்தால் ரைட், படுக்கை நனைந்தால் ரைட், மகள் போனில் அழுதால் ரைட். டாக்டர் சொன்னார், சில பேருக்கு அப்படி ஒரு வார்த்தை நின்றுவிடும், அதற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்று. தேடாதே என்றால் யார் தேடாமல் இருக்கிறார்கள். அந்த ராடைச் சுருக்கிப் பரண்மேல் போட்டுவிட்டுப் போர்வையும் கையுமாக நிற்கத் தொடங்கியவள்தான்.

மறைக்க வேண்டும் என்று ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று பியூலா ஒருநாள் கேட்டாள், “நோயாளி தானேக்கா, யாரு என்னத்தப் பார்க்கப் போறா.” பியூலாவுக்கு என்ன தெரியும், அவள் கான்வென்ட் ஹாஸ்டலில் ஏழு வருஷம் படுத்திருக்கிறாளா. நாற்பது கட்டில், கட்டிலுக்குக் கட்டில் வெள்ளைத் திரை, சிஸ்டர் யூலாலியா மணியடித்ததும் நாற்பது திரையும் ஒரே சமயத்தில் சர்ரென்று இழுபடும், அந்தச் சத்தம் கேட்டால்தான் இப்போதும் அவளுக்கு ஒரு நாள் முடிந்த மாதிரி இருக்கும். திரைக்கு உள்ளேயும் உடனே எதையும் அவிழ்க்கக் கூடாது, நைட்டியைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு அதற்கு அடியில்தான் யூனிஃபார்மைக் கழற்ற வேண்டும். குளிக்கும்போதும் உள்ளே போடும் ஷிம்மியோடு குளியல். உன் உடம்பை நீயே பார்க்காதே என்றார் சிஸ்டர், பதினோரு வயதுப் பெண்களைப் பார்த்து, நீலக் கண்ணில் அத்தனை அன்போடு. கல்யாணமாகி நாலைந்து மாதம் அவள் அப்படியே செய்துகொண்டிருந்தாள், புடவைக்கு அடியில் புடவை மாற்றிக்கொண்டு, குமரகுரு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “கூடாரத்துக்குள்ள என்ன சர்க்கஸா நடக்குது” என்று சிரித்தார். அவருக்கு அந்த வெட்கமே கிடையாது. வண்டி ஊழியர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் பத்து ஆம்பளைகளோடு குழாயடியில் குளித்துப் பழகிய உடம்பு, இடுப்பில் துண்டோடு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று பேப்பர்காரனோடு அரசியல் பேசுவார், உள்ளே வாங்க என்று இவள் பல்லைக் கடிப்பாள். இந்த நினைப்பு வந்ததும் தமயந்தி பக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்தாள். ஆறிவிட்டது. ஆனால் ஆரோக்கியமாக நின்று துண்டு கட்டியவன் வேறு, மூத்திரத்தில் நனைந்து கிடப்பவன் வேறு. வேறுதானே. அவருக்கும் இப்போது வெட்கமாகத்தான் இருக்கும். இல்லாமல் எப்படி இருக்கும். கை காட்டினாரே.

நேற்றுச் சாயங்காலம். அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள், பல்லில் சிக்கிய மீன்முள்ளுக்கு நாக்குப் போகிற மாதிரி மனசு அங்கேயே போய்ப் போய் நிற்கிறது. நாலரை மணிக்கு எதிர்வீட்டுக்காரி சப்பாத்திக்கு நிற்பாள். ஹாஸ்டல்களுக்குச் செய்து கொடுக்கிறாளாம், நாலரையில் இருந்து ஏழுவரை ஜன்னலை ஒட்டிய மேடையில் தேய்த்துத் தேய்த்துப் போடுவாள். முப்பத்தைந்து வயது இருக்கும், பெயர் தெரியாது, கொண்டை கழுத்தில் சரிந்து கிடக்கும், ரேடியோ பாடும். குமரகுரு அதைப் பார்ப்பார். வேறு எதைப் பார்ப்பார், கட்டில் அங்கேதானே இருக்கிறது என்று தமயந்தி தனக்குச் சொல்லிக்கொள்வாள், சொல்லிக்கொண்டாலும் ஒரு பக்கம் சுருக்கென்று இருக்கும், இருபத்தேழு வருஷம் அவளும்தான் மாவு பிசைந்தாள், ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருப்பாரா அந்த மனிதர். நேற்று அவர் நனைத்துவிட்டார். பியூலா இல்லாத நேரம், போர்வை பிடிக்க ஆள் இல்லை, சரி ஒரு நிமிஷ வேலை என்று அவரைப் பக்கவாட்டில் புரட்டி, வேட்டியை உருவி, காய்ந்த துணிக்காகக் கைநீட்டித் திரும்பினவள் பார்த்தாள். எதிர் ஜன்னலில் அந்தப் பெண் மாவுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். சிரிக்கிறாள். இங்கே குமரகுரு இடதுகையைத் தூக்கியிருக்கிறார். அப்புறம் நடந்தது தமயந்தி செய்ததா, அவளுக்குள் இருக்கும் வேறு யாரோ செய்ததா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது, அவளுக்குக் கோபம் எப்போதும் சிஸ்டர் யூலாலியாவின் குரலில்தான் வரும், “ஹேவ் யூ நோ ஷேம்?” அது புரியவில்லை என்று அந்த முகத்தில் தெரிந்ததும் தமிழில் வந்தது. “என்னடி பார்க்குற? இங்க என்ன படமா ஓடுது? நாளைக்கு உன் புருஷன் இப்படி விழுந்து கெடக்கறப்ப சொல்லி அனுப்பு, நாங்களும் வந்து சன்னல்ல நின்னு பல்லைக் காட்டுறோம்.” அந்தப் பெண்ணின் கை அப்படியே காற்றில் நின்றது. பிறகு அதைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள், மெதுவாக, ஒவ்வொரு விரலாக. திருப்பித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொன்னது தப்பு, புருஷனை இழுத்தது தப்பு, அதெல்லாம் சரி, ஆனால் அவர் கை காட்டினாரா இல்லையா. அவர் நிறுத்தச் சொன்னார், இவள் நிறுத்தினாள். கார்டு பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா. கல்யாணமான புதிதில் ஒரு மழைநாள், பொழுதுபோகாமல் அவர் சொல்லிக் கொடுத்தது. கொடி இல்லாத சமயத்தில் வண்டியை நிறுத்த வேண்டுமானால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். போகலாம் என்றால் ஒரே கை, ஆடாமல் அசையாமல் நீட்டிப் பிடிக்க வேண்டும். ஸ்டேஷனை வண்டி தாண்டும்போது ஸ்டேஷன் மாஸ்டர் அங்கே கை நீட்டுவார், இவர் வண்டியின் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் இருந்து நீட்டுவார், எல்லாம் நலம், போ என்று அர்த்தம். எதிரில் இன்னொரு வண்டி வந்தாலும் அப்படித்தான், கார்டும் கார்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு போகிற அரை நிமிஷம். “மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது, ஆனா கை நீட்டலைன்னா அன்னிக்கு மனசு ஓடாது தமா” என்றார். கூட்ஸ் வண்டி சிக்னலுக்காக மணிக்கணக்கில் நிற்குமாம், ஊர்களின் கொல்லைப்புறத்தில், சமையலறை ஜன்னல்களுக்கு நேரே, யார் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள், எந்த வீட்டில் சண்டை, எந்தக் குழந்தைக்குத் தலைவாரல், எல்லாம் பார்த்துக்கொண்டு அந்தப் பெட்டியில் தனியாக உட்கார்ந்திருப்பாராம். கிளம்பும்போது அந்தக் குழந்தைகள் கை அசைக்கும். நிறுத்த இரண்டு கை, போக ஒரு கை. அவருக்கு இப்போது இருப்பதே ஒரு கைதான். இரண்டைத் தூக்க முடியாதவன் ஒன்றைத்தானே தூக்குவான், அது நிறுத்து என்பதில் பாதி, அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு உயரம். இதுதான் நேற்றிலிருந்து. தலைக்கு மேலா, தோள் மட்டமா. இடதுகை நல்ல கை, அதைக்கொண்டு தலையைச் சொறிந்துகொள்கிறார், தலைமாட்டுக் கம்பியைப் பிடித்து இழுக்கிறார், தலைக்கு மேல் தூக்க நினைத்தால் தூக்கியிருக்கலாம். தூக்கினாரா? கண்ணை மூடினால் அந்தப் பெண்ணின் மாவுக் கை தெரிகிறது, தன் கத்தல் கேட்கிறது, அவருடைய கை மட்டும் தெரிய மாட்டேன் என்கிறது. ஒரு விநாடி தோளுக்கு நேராக நீண்டு நிற்கிறது, உடனே அதை அவளே மனசுக்குள் மேலே தூக்கிவிடுகிறாள். தினம் காலையில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர் கண்ணுக்கு நேராக நின்றது யார். இத்தனை நாளும், நிறுத்து நிறுத்து என்று. நின்றாளே. அவர் ஒவ்வொரு நாளும் ரைட் என்றாரே. தமயந்தி எழுந்து போய்த் தண்ணீரை நாலாவது தடவை அடுப்பில் வைத்தாள்.

மின்விசிறி நின்றபோது நாலு மணி. வரதராஜுலு மேல்துண்டும் திருநீறுமாக ஏறி வந்தார், கையில் இஞ்ச் டேப். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, குமரகுருவைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்தார். எல்லாருக்கும் அது வசதி. “ராத்திரியெல்லாம் எங்க வீட்ல ஒரே பிடுங்கல்மா, படுத்த மனுஷன் இருக்கற எடத்துல பிடிவாதம் பண்றீங்களேன்னு. சரி, யோசிச்சேன். ரெண்டே ஓட்டை. நம்ம ஆளு வருவான், டிரில்லு அவனே கொண்டாருவான். நீங்களா யாரையும் கூட்டியாந்து சுத்தியால அடிச்சீங்க, பிளாஸ்டரு பேந்துக்கும்.” தமயந்தி தலையாட்டினாள். ஜெயித்துவிட்டாள், இருபத்துமூன்று நாள் சண்டை, நியாயமாகத் துள்ளிக் குதிக்க வேண்டும். “ரெண்டு நாள் போகட்டுமே” என்று தன் வாய் சொல்வதைக் கேட்டாள். அவர் டேப்பை இழுத்தவர் அப்படியே நின்றார். “என்னம்மா இது. மாடிப்படியில வழிமறிச்சிச் சட்டம் பேசினது நீங்கதானே?” “நான்தான்.” “அப்பறம்?” அப்புறம் என்ன சொல்வது, இந்த மனிதர் கையைத் தூக்கினது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியவில்லை, அது தெரிந்த பிறகு ஓட்டை போடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல முடியுமா. “இவருக்குக் காத்து வேண்டியிருக்கு, பாக்கறதுக்கு ஏதாவது வேண்டியிருக்கு…” என்று இழுத்தாள். “அதுக்குத்தாம்மா நான் மொதல்லயே சொன்னேன்” என்று வரதராஜுலு தொடங்கினார், அப்போது டக் டக் டக் என்று சுத்தியல் சத்தம். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் சுவர்கள் நாலையும் ஒரு சுற்றுப் பார்த்தார், உள்ளறைக்கு ஓடினார், வந்தார். “யாரு, எங்க அடிக்கிறா?” இங்கே இல்லை. எதிரில்.

எதிர் ஜன்னலில் ஒரு ஆள் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தான், பனியன், வாயில் ஆணிகள். கீழே இருந்து அந்தப் பெண் ஒரு கனத்த பழுப்புத் துணியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், பழைய ஜமக்காளமோ என்னவோ. தமயந்தி கம்பியருகே போனாள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது. “இந்தாம்மா” என்றாள், அது சுத்தியலில் போயிற்று. “ஏங்க, ஒரு நிமிஷம்” என்றாள் இன்னும் உரக்க. அந்த ஆள் திரும்பிப் பார்த்தான், வாயில் ஆணி இருந்ததால் பேசவில்லை. அந்தப் பெண் பார்க்கவே இல்லை. துணியின் ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், இந்தப் பக்கம் சந்து தெரியுது பாரு” என்று அவனிடம் சொன்னாள், சாதாரணக் குரலில், கோபம் இல்லாமல். சந்து போயிற்று. மசாலா டப்பா போயிற்று, மேடை போயிற்று, ரேடியோ பாட்டு மட்டும் துணிக்குப் பின்னால் இருந்து கம்பளி போர்த்த மாதிரி வந்தது. “சொந்த வீடு, அடிச்சிக்கறான்” என்றார் வரதராஜுலு, ஒரு பெருமூச்சோடு. பிறகு டேப்பைச் சர்ரென்று உள்ளே விட்டுக்கொண்டார். அவர் முகம் தெளிந்துவிட்டது. “பாருங்க, அவங்களே மூடிக்கினாங்க. இனிமே யாரு பார்க்கப் போறா? உங்களுக்கு ஸ்கிரீனும் வேணாம், எனக்கு ஓட்டையும் வேணாம். பகவானாப் பார்த்து முடிச்சி வச்சாரு.” குமரகுருவை முதல் தடவையாகப் பார்த்துக் கும்பிட்டார். “வரேங்க சார்.” “ரைட்” என்றார் குமரகுரு.

தண்ணீர் இந்தத் தடவை சூடாக இருந்தது. தமயந்தி கதவைத் தாழிட்டாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள், போர்வையை விலக்கினாள். சாயங்கால வெயில் ஏழடி அகலத்துக்கு உள்ளே வந்து அவர் மேல் முழுக்க விழுந்தது. அவர் விழுந்ததிலிருந்து எட்டு மாதமாக அரை இருட்டில், அவசரத்தில், போர்வை மறைவில் துண்டு துண்டாகப் பார்த்த உடம்பு, இவ்வளவுதானா, இப்படியா ஆகிவிட்டது, விலாவை எண்ணலாம் போலிருந்தது. புரட்டிப் பார்த்தால் முதுகில் அந்தச் சிவப்பின் நடுவில் தோல் வழன்றிருந்தது. இன்று காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். “எரியுதா?” என்றாள். “ரைட்.” “நான் ஒண்ணு கேக்கறேன், கண்ணை மூடித் தெறந்தாப் போதும். நேத்து அவளைப் பார்க்காதேன்னா கை காட்டினீங்க?” அவர் கண்ணை மூடவில்லை. அவளையும் பார்க்கவில்லை. அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை, மகள்கூட மூன்று நிமிஷத்துக்கு மேல் கேமராவை அவர் பக்கம் திருப்பச் சொல்வதில்லை, பார்த்தால் அழுகை வருகிறதாம்; எட்டடி தூரத்தில் ஒருத்தி நின்று இந்த மனிதனைப் பார்த்துச் சிரித்தாள், ஒரு ஆளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. போய்ச் சொல்லலாம். இரண்டு மாடி இறங்கி, தெருவைச் சுற்றி, அந்தப் பக்கத்து மாடி ஏறி, கதவைத் தட்டி, திறந்தால் என்ன சொல்வது, உன் புருஷன் விழுந்து கிடப்பான் என்றது நான்தான், அந்தத் துணியை எடுத்துவிடு, என் புருஷனுக்கு நீ வேண்டும் என்றா. சிஸ்டர் யூலாலியா மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது ஆங்கிலத்தில். தமயந்தி துண்டைப் பிழிந்தாள். மார்பைத் துடைத்தாள், வயிற்றைத் துடைத்தாள், செத்த கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு அதையும் துடைத்தாள். மணி நாலரை. ரேடியோ சத்தத்துக்கு நடுவே பூரிக்கட்டை உருளத் தொடங்கியது, தடக் தடக் என்று. குமரகுரு இடதுகையைத் தூக்கினார். இப்போது நன்றாகப் பார்த்தாள். தோள் மட்டம். தலைக்கு மேல் இல்லை, பக்கத்தில் கூட இல்லை, முழங்கை மடங்காமல், ஜன்னலை நோக்கி நேராக நீண்டு, ஆடாமல் பிடித்திருந்தார். அக்குளைத் துடைக்க அது வசதியாகத்தான் இருந்தது. துடைத்து, ஈரம் ஒற்றி, பவுடர் போட்டாள். “போதும், இறக்குங்க, வலிக்கும்” என்றாள். இறக்கவில்லை. மணிக்கட்டில் நரம்பு நடுங்க ஆரம்பித்திருந்தது. அவள் அந்தக் கையைக் கீழே அழுத்தப் போய், முடியாமல், தன் உள்ளங்கையை அதற்கு அடியில் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேற்கே இருந்து காற்று வந்தது, மொட்டை மாடிக் கம்பியில் யாருடைய துணியோ படபடத்தது. எதிர் ஜன்னலில் அந்தப் பழுப்புத் துணி அசையவே இல்லை. நாலு பக்கமும் ஆணி அடித்திருந்தார்கள்.